ஓட மறுக்கும் வண்டி

“வண்டி ஓடல சார்.”

இருபத்தைந்து வருடங்களாக எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்று சொற்களோடுதான் தொடங்கும். பேசுகிறவர் ஏதாவது ஒரு கிடங்கின் சூப்பர்வைசராக இருப்பார். பின்னணியில் லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடிப்பது கேட்கும். “சாவி போட்டா லைட்டெல்லாம் வருது. பெடலை மிதிச்சா அசைய மாட்டேங்குது” என்பார். நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “சீட்ல உக்காந்துதான மிதிச்சீங்க?”

சிலருக்குக் கோபம் வரும். இன்னும் சிலர் ஒரு நிமிடம் கழித்து, “ஓடுது சார், நீங்க வர வேணாம்” என்று சங்கடத்தோடு போனை வைப்பார்கள். மிச்சமிருக்கும் அழைப்புகளுக்காகத்தான் நான் பைக்கில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். ஐடிஐ-யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்களில் மின்சாரப் பழுது பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவன் நான்.

நீங்கள் ஃபோர்க்லிஃப்டைப் பக்கத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் நேற்று உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பார்சல், வழியில் எங்கோ ஓரிரு முறையாவது அதன் இரண்டு இரும்பு முள்களின் மேல் ஏறி இறங்கியிருக்கும். அந்த வண்டியைப் பற்றி நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓடாத வண்டி கெட்டுப்போன வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பல நேரங்களில் அது ஓட மறுக்கிறது. அப்படி மறுக்கக் கற்றுக்கொள்ள அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. அந்தப் படிப்பை நான் ஒரு இரவில் பத்து சென்டிமீட்டர் வயரால் அழித்தேன்.

1

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881-இல் கமில் ஃபோர் ஈய ஆக்சைடு பசையைத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் ஆய்வகத்தில் இருந்த பேட்டரி தொழிற்சாலைக்குப் போனது. இன்று நான் திறந்து பார்க்கும் லெட்-ஆசிட் பேட்டரியும் அடிப்படையில் அதுதான். ஒரு செல்லுக்கு 2 வோல்ட். 24 செல் சேர்ந்தால் 48 வோல்ட். பெரிய வண்டிகளில் 80 வோல்ட் வரை போகும்.

காருக்கு இந்த பேட்டரி பாரமாக இருந்தது. எடை அதிகம், தூரம் குறைவு. பெட்ரோல் இன்ஜின் அதை முந்திவிட்டது. ஆனால் பொருள் தூக்கும் வண்டிக்கு அதே எடை வரமாக அமைந்தது. முன்னால் சுமையைத் தூக்கும்போது வண்டி குப்புற விழாமல் இருக்கப் பின்னால் ஒரு எதிர்எடை வேண்டும். பெரிய வண்டிகளில் ஒரு டன்னைத் தாண்டும் பேட்டரி அந்த எதிர்எடையில் ஒரு பங்கைச் சும்மா உட்கார்ந்தே கொடுத்துவிடுகிறது.

1906-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, அல்டூனா நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமக்க பேட்டரியில் ஓடும் மேடை வண்டிகளை இறக்கியது. அவை தூக்காது, சுமக்க மட்டுமே செய்யும். 1917-இல் மிச்சிகனில் கிளார்க் நிறுவனம் தன் தொழிற்சாலைக்குள் பொருள் நகர்த்துவதற்காக ‘டிரக்டிராக்டர்’ என்ற பெட்ரோல் வண்டியைச் செய்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, அது விற்பனைக்கு வந்தது. 1923 வாக்கில் யேல் நிறுவனம் முள்களையும், வண்டியின் உயரத்தைத் தாண்டி நீளும் மாஸ்டையும் சேர்த்து ஒரு மின்வண்டியைக் கொண்டுவந்தது. நாம் இன்று பார்க்கும் உருவம் ஏறக்குறைய அப்போதே வந்துவிட்டது. உள்ளே மாறியதெல்லாம் மின்சாரம்தான்.

2

ஆரம்ப கால வண்டிகளின் மின்சுற்றை ஒரு சின்னப் பையனுக்குக்கூடப் படம் போட்டு விளக்கிவிடலாம். பேட்டரி, மோட்டார், நடுவில் வரிசையாக ரெசிஸ்டர்கள். பெடலை லேசாக மிதித்தால் மின்சாரம் எல்லா ரெசிஸ்டரையும் தாண்டிப் போக வேண்டும், வண்டி மெதுவாக நகரும். இன்னும் மிதித்தால் கான்டாக்டர்கள் ஒவ்வொன்றாக மூடி, ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக விலக்கும். கடைசியில் பேட்டரி நேராக மோட்டாரில் போய் விழும். கான்டாக்டர் என்பது வேறொன்றுமில்லை, காயிலில் கரன்ட் வந்தால் ‘டக்’கென்று மூடிக்கொள்ளும் பெரிய சுவிட்ச்.

மெதுவாகப் போவதற்கு செலவான சக்தி முழுக்க சூடாகப் போய்விடும். வீண்தான். ஆனால் பழுது பார்க்கிறவனுக்கு அந்தக் காலம் வசதியானது. பழுது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். எரிந்துபோன ரெசிஸ்டர் கருத்திருக்கும். முதல் கியர் போல இருக்கும் அந்த மெதுவான வேகம் இல்லாமல் வண்டி எடுத்த எடுப்பில் துள்ளினால், எந்தப் படியில் கோளாறு என்று ‘டக், டக்’ சத்தத்தை எண்ணியே சொல்லிவிடலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்தேன். 1990களின் கடைசி. ஶ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த நேரம், ஃபோர்க்லிஃப்ட் வேலைக்குப் பஞ்சமே இல்லை. அந்த வண்டி மட்டும் ஒரு பழைய காகிதக் கிடங்கில் கிடந்தது, என்னைவிட வயதில் மூத்தது. என்னைக் கூட்டிப்போன அண்ணன் (நாங்கள் எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு அப்போதே ஐம்பது வயது) பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். “மிதி” என்றார். மிதித்தேன். “ரெண்டாவது டக்கு வரல பாத்தியா” என்றார். எனக்குக் கேட்கவே இல்லை.

அவரிடம் மல்டிமீட்டர் இருந்தது, ஆனால் முதலில் எடுப்பது அதை அல்ல. இரண்டு 24 வோல்ட் லாரி பல்புகளை சீரீஸில் சேர்த்து, இரண்டு முனைகளிலும் முதலைக் கிளிப் போட்ட ஒரு டெஸ்ட் லேம்ப் வைத்திருந்தார். எனக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. டிஜிட்டல் மீட்டர் இருக்கும்போது எதற்கு பல்பு?

ஒருநாள் காட்டினார். ஒரு கான்டாக்டர் காயிலுக்குப் போகும் வயரில் மீட்டரை வைத்தேன், 48 வோல்ட் காட்டியது. “கரன்ட் வருதுண்ணே, காயில்தான் போச்சு” என்றேன். அவர் அதே இடத்தில் பல்பை வைத்தார். எரியவில்லை. வயர் உள்ளே அறுந்து ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டர் இழுக்கும் கரன்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை, அந்த ஒற்றை இழையே அதற்குப் போதும். பல்பு நிஜமாகவே கரன்ட் கேட்கும், இழையால் கொடுக்க முடியாது. “சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவன்தான் தம்பி. வேலை குடுத்துப் பாரு” என்றார். பழுது பார்ப்பதில் நான் கற்ற முதல் விதி இது. எந்த இணைப்பையும் கரன்ட் ஓடும்போது அளக்க வேண்டும்.

3

கண்ணுக்குத் தெரிந்த பழுதுகளோடு அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. அவற்றுக்கு மறுக்கத் தெரியாது.

வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். சுவிட்சைத் திறக்கும்போது வரும் தீப்பொறி அந்த பூஜ்யத்தில் தானாக அணைந்துவிடும். பேட்டரியின் டி.சி.க்கு பூஜ்யம் கிடையாது. கான்டாக்டர் திறக்கும்போது இரண்டு முனைகளுக்கும் நடுவில் வில் போல நெருப்பு நீளும். அதைக் காந்தப்புலத்தால் ஊதித் தள்ளத் தனி ஏற்பாடே வைத்திருப்பார்கள். அந்த ஏற்பாடு பழுதானாலும், முனைகள் தேய்ந்து குழி விழுந்தாலும், ஒருநாள் இரண்டு முனையும் வெல்டு அடித்தது போல ஒட்டிக்கொள்ளும். டிரைவர் காலை எடுத்துவிடுவார், வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

அப்போது ஒரே வழி பேட்டரி பிளக்கைப் பிடுங்குவதுதான். இன்றும் அந்தப் பெரிய பிளக்கோ சிவப்பு எமர்ஜென்சி பட்டனோ டிரைவரின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். நின்றுகொண்டே ஓட்டும் வண்டிகளில் பிரேக்கைத் தலைகீழாக வைத்தார்கள். காலை வைத்தால் விடும், எடுத்தால் பிடிக்கும். ஓட்டுகிறவன் விழுந்தாலும், மயங்கினாலும், குதித்தாலும் வண்டி நிற்கும். மின்வண்டிக்குச் சொல்லிக்கொடுத்த முதல் மறுப்பு என்று இதைத்தான் நான் நினைக்கிறேன்.

உடம்பிலும் ஒரு ஏற்பாடு உண்டு. காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். ஃபோர்க்லிஃப்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே உடம்பைத் தொடக்கூடாது. எங்காவது ஒரு இடத்தில் கசிந்து உடம்பைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, சுற்று முழுமையடையாது. இரண்டாவது இடத்திலும் கசிந்தால்தான் வினை. இரண்டு கசிவுக்கும் நடுவில் இருக்கும் சுவிட்சை மின்சாரம் சுற்றிக்கொண்டு போய்விடும். யாரும் மிதிக்காமலே கான்டாக்டர் இழுக்கும். டிரைவர்கள் இதைப் ‘பேய்’ என்பார்கள். நான் பார்த்த பேய்களெல்லாம் பேட்டரியிலிருந்து வழிந்த அமிலமும், மோட்டார் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கார்பன் தூளும் சேர்ந்து போட்ட கறுப்புப் பாதைகள்தான்.

அதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பாசிட்டிவிலும் மறுமுனையைச் சுரண்டிய பேட்டரிப் பெட்டியின் இரும்பிலும் வைக்க வேண்டும். 16 வோல்ட் காட்டுகிறது என்றால், செல்லுக்கு இரண்டாக வகுத்து எட்டாவது செல் பக்கம் போய்த் தேடலாம். பெரும்பாலும் அங்கே ஈரமாக இருக்கும். சோடா மாவுத் தண்ணீரால் கழுவித் துடைத்தால் பேய் போய்விடும்.

4

1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் உருவானது. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எஸ்.சி.ஆர். என்பார்கள். சிலிக்கானால் ஆன கதவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்னத் தட்டல் கொடுத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் திறந்துவிடும். அடுத்த பத்து, பதினைந்து வருடங்களில் அது ஃபோர்க்லிஃப்டுக்குள் வந்துவிட்டது. ரெசிஸ்டரில் சூடாக்கி வீணாக்க வேண்டாம், பேட்டரியை வேகவேகமாகத் திறந்து மூடினால் போதும். திறந்திருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும்.

சிக்கல் என்னவென்றால், திறந்த கதவு தானாக மூடாது. ஏ.சி.யில் என்றால் கரன்ட் பூஜ்யத்தைத் தொடும்போது மூடிக்கொள்ளும். டி.சி.யில் அதற்கு வழியில்லை. அதனால் பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டரை சார்ஜ் செய்து வைத்து, அதை எதிர்த்திசையில் கொட்டி ஒவ்வொரு முறையும் கதவை வலுக்கட்டாயமாக மூட வேண்டும். நொடிக்குச் சில நூறு முறை இது நடக்கும். அதனால்தான் அந்தக் கால வண்டிகள் கிளம்பும்போது வண்டு போல ரீங்கரிக்கும்.

பழுது கண்ணைவிட்டுக் காதுக்குப் போனது. ரீங்காரம் ஒரே சீராக உயர்ந்தால் நலம். திக்கினால் ஆக்சிலரேட்டரில் தேய்மானம். ஒருமுறை ‘டொக்’கென்று கேட்டு நின்றுவிட்டால், கதவு மூடவில்லை என்று பொருள். மூடாத எஸ்.சி.ஆர். பழைய ஒட்டிய கான்டாக்டருக்குச் சமம், மோட்டாருக்கு முழு வோல்டேஜும் போகும். ஆனால் இந்தத் தலைமுறையில் அதைக் கவனிக்க ஒரு காவல் சுற்றும் சேர்ந்தே வந்தது. கதவு மூடவில்லை என்று தெரிந்த கணம் அது கான்டாக்டரைக் கீழே தள்ளிவிடும். வண்டி நின்றுவிடும்.

இன்னொரு மறுப்பும் பரவலாக வந்தது. பெடலை மிதித்துக்கொண்டே சாவியைப் போட்டால் வண்டி கிளம்பாது. காலை எடுத்து, மறுபடி மிதித்தால்தான் போகும். யாரோ பெடல் மேல் காலை வைத்தபடி சாவியைத் திருப்ப, சுவரோடு நின்றிருந்த இன்னொருவர் மேல் வண்டி பாயும் நிலையை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. சீட் சுவிட்சும் அப்படித்தான். சீட்டில் ஆள் இல்லையென்றால் ஓட்ட மோட்டாருக்கும், பல வண்டிகளில் தூக்கும் பம்ப் மோட்டாருக்கும் கரன்ட் போகாது.

இதையெல்லாம் நான் சர்க்யூட் படத்தில் பார்த்திருந்தேன். கோடுகளாக, சின்னச் சின்னக் குறியீடுகளாக. “இந்த சுவிட்ச் எதுக்குண்ணே?” என்று கேட்டதில்லை. வேலை செய்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்ப்பேன். சீட் சுவிட்ச் எங்களுக்கு ஒரு தொல்லை. சீட்டின் ஸ்பாஞ்சுக்குக் கீழே இருக்கும், டிரைவர்கள் தொப்பென்று உட்கார்ந்து உடைப்பார்கள்.

5

2003, ஐப்பசி மழை. ஊருக்கு வடக்கே ஒரு கிடங்கு. இரவு பத்தரைக்கு அழைப்பு. அண்ணன் வேறு வேலையில் இருந்ததால் நான் தனியாகப் போனேன். வெளியே ஐந்து லாரி நின்றது. வண்டி விட்டு விட்டு நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன், சீட் சுவிட்ச். அது ஒரு நல்ல கண்டுபிடிப்பு என்றுதான் அப்போது பெருமையாக இருந்தது. கையில் புது சுவிட்ச் இல்லை.

“இப்ப என்ன பண்றது? அஞ்சு லாரி நிக்குது தம்பி” என்றார் சூப்பர்வைசர்.

சுவிட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி, நடுவில் ஒரு துண்டு வயரைப் போட்டு, டேப் சுற்றி, சீட்டை மூடினேன். வண்டி கும்மென்று கிளம்பியது. எல்லோருக்கும் சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தார்கள். காலையில் புது சுவிட்ச் வாங்கி மாட்டிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். ஜாப் கார்டில் ‘சீட் சுவிட்ச் கோளாறு சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. மறுநாள் இன்னொரு இடம். அந்த வண்டியிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. புகார் வராத வண்டியை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

பதினோராம் நாள் விபத்து. பேலட்டின் மேலே ஒரு அட்டைப்பெட்டி சரிந்திருக்கிறது. டிரைவர் இறங்கிச் சுற்றிப் போகாமல், சீட்டிலிருந்து எழுந்து, முன்னால் குனிந்து, மாஸ்டுக்குள் கையை நீட்டிப் பெட்டியைத் தள்ளியிருக்கிறார். அவரது இடுப்பு லீவரில் பட்டது. மாஸ்ட் பின்னால் சாய்ந்தது. மாஸ்டுக்கும் வண்டியின் கூரைத் தூணுக்கும் நடுவில் வலது கை.

அவர் சீட்டை விட்டு எழுந்த கணத்தில் பம்ப் மோட்டார் செத்திருக்க வேண்டும். லீவரை யார் இடித்தாலும் மாஸ்ட் அசைந்திருக்கக் கூடாது. வண்டிக்கு அது தெரியும். நான்தான் அதன் வாயைக் கட்டியிருந்தேன்.

நாங்கள் போனபோது அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு விரல்கள் போய்விட்டன என்று பிறகு தெரிந்தது. வண்டி அப்படியே நின்றது. “டிரைவர் கவனக்குறைவு. மாஸ்டுக்குள்ள கைய விடக்கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கோம்” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது பொய்யும் இல்லை. நான் சீட்டைத் தூக்கினேன். டேப் சுற்றிய துண்டு அப்படியே இருந்தது. என் கை அதைப் பிடுங்கப் போனது. மறைப்பதற்குத்தான். இப்போதும் அதற்கு வேறு பெயர் வைக்க முடியவில்லை.

“தொடாத” என்றார் அண்ணன். பின்னால் நின்றிருந்தார். வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எத்தனை இன்ச் இருக்கும்?”

“நாலு இன்ச்ண்ணே.”

“மேனேஜரக் கூப்புடு. வந்து பாக்கட்டும். நீயே சொல்லு.”

சொன்னேன். எங்கள் சர்வீஸ் ஒப்பந்தம் போயிற்று. எனக்கு வேலை போகவில்லை, அண்ணன் போக விடவில்லை. டிரைவர் மேல் எழுதப்பட்டிருந்த ‘கவனக்குறைவு’ அறிக்கை மாற்றி எழுதப்பட்டது. அவருக்குப் பணம் கிடைப்பதில் அது வித்தியாசம் செய்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் அவரைப் போய்ப் பார்த்தது நாலு மாதம் கழித்துத்தான். இடது கையால் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, “நானும் உள்ள கைய விட்டிருக்கக் கூடாதுப்பா” என்றார். அந்தப் பெருந்தன்மையை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் 1971-இல் வந்த தொழிலகப் பாதுகாப்பு விதிகள், ஃபோர்க்லிஃப்டுக்கு 1969-ஆம் ஆண்டின் ஒரு தரநிலையை அடிப்படையாக எடுத்துக்கொண்டன. ஓட்டுநர் பயிற்சி விதிகளை 1998 டிசம்பரில் விரிவாகத் திருத்தினார்கள். அடுத்த வருடம் அங்கே நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கை, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 தொழிலாளர்கள் ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் இறப்பதாகச் சொன்னது. அதுவரை கோடாகத் தெரிந்த சர்க்யூட் படத்தை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் இதைப் போட வைத்தது எது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் எப்போதும் ஒரு மனித உடம்பில் போய்தான் முடியும்.

6

1980களிலிருந்து மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் எஸ்.சி.ஆரின் இடத்தைப் பிடித்தது. திறக்கவும் மூடவும் சொன்னால் கேட்கும், வலுக்கட்டாயம் தேவையில்லை. நொடிக்குச் சில நூறு முறை என்பது பதினைந்தாயிரம் முறை வாக்கில் போனது. நாற்பது வயது தாண்டிய மெக்கானிக்கின் காதுக்கு அந்த ஒலி எட்டாது. கண்ணிலிருந்து காதுக்குப் போன பழுது இப்போது காதையும் விட்டுப் போனது. பதிலுக்கு, கன்ட்ரோலரின் ஓரத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு வந்தது. மூன்று முறை சிமிட்டி, நிறுத்தி, இரண்டு முறை சிமிட்டும். கையேட்டைத் திறந்து அந்த எண்ணுக்கு நேராக இருப்பதைப் படித்துக்கொள்ள வேண்டும். பிறகு டிஸ்பிளேயில் நேராக எழுத்தாகவே வந்தது.

அடுத்து, 1990களின் பிற்பகுதியிலிருந்து ஏ.சி. மோட்டார்கள் பரவின. பிரஷ் இல்லை, கார்பன் தூள் இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும் கான்டாக்டர்கள் இல்லை. இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது வேறொன்று. பழைய டி.சி. வண்டியில் டிரான்சிஸ்டரோ எஸ்.சி.ஆரோ ஷார்ட் ஆனால் மோட்டார் முழு வேகத்தில் ஓடப் பார்க்கும், காவல் சுற்று ஓடி வந்து தடுக்க வேண்டும். ஏ.சி. மோட்டார் சுற்ற வேண்டுமென்றால் மூன்று கட்டங்களில் மின்சாரம் முறை வைத்து வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த முறை குலைந்துவிடும், மோட்டார் நின்றுவிடும். மறுப்பதை வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்கும் தேவை அங்கே பெருமளவு போய்விட்டது. அதன் சுபாவமே அப்படி.

ஆனாலும் கோடு வந்த பிறகு பழுது பார்ப்பது சுலபமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தியாவில் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலத்துக்கு மாநிலம் சிதறிக் கிடந்த சின்னக் கிடங்குகள் சேர்ந்து பெரிய கிடங்குகளாயின, மின்வண்டிகளும் பெருகின. அப்படி ஒரு கிடங்கிலிருந்து ஒரு அழைப்பு. டிஸ்பிளேயில் ‘பேட்டரி வோல்டேஜ் குறைவு’ என்று வருகிறது. சார்ஜ் போட்டும் போகவில்லை. புது பேட்டரிக்கு லட்சக்கணக்கில் விலை வாங்கி வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பேட்டரி முனையில் மீட்டரை வைத்து, டிரைவரை சுமையைத் தூக்கச் சொன்னேன். 48 வோல்ட், பெரிதாக இறங்கவில்லை. அதே நேரம் கன்ட்ரோலர் முனையில் அளந்தால் 39. நடுவில் ஒன்பது வோல்ட் எங்கே போனது? வழியில் இருப்பது பேட்டரி பிளக் மட்டும்தான். கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு முனை கறுத்து, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. நூறு ஆம்பியர் ஓடும்போது ஒன்பது வோல்ட் விழுந்தால் 900 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்தச் சின்ன இடத்தில். பிளக்கைத் தொட்டிருந்தாலே தெரிந்திருக்கும். யாரும் தொடவில்லை, எல்லோரும் டிஸ்பிளேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோடு பொய் சொல்லவில்லை. கன்ட்ரோலர் நின்ற இடத்தில் வோல்டேஜ் குறைவுதான். அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது, வேலை செய்ய மறுத்தது. ஏன் குறைந்தது என்று போய்ப் பார்ப்பது அதன் வேலை இல்லை, நம் வேலை. அண்ணனின் லாரி பல்பு சொன்னதும் இதுதான்.

7

அண்ணன் ஓய்வு பெற்றபோது அந்த டெஸ்ட் லேம்பை என்னிடம் கொடுத்தார். கூடவே இன்னொன்றும் கொடுத்தார். ஒரு ஜம்பர் வயர். இரண்டு முனையிலும் முதலைக் கிளிப், நடுவில் ஃபியூஸ். அடர்த்தியான சிவப்பு நிறம். நீளம் மூன்று மீட்டர். “ஒரு சுவிட்ச் நல்லா இருக்கான்னு பாக்க பைபாஸ் பண்ணித்தான் ஆகணும், வேற வழியில்ல. ஆனா இதப் போட்டா சீட்ட மூட முடியாது, பானெட்ட மூட முடியாது. கழட்டாம ஒன்னால வீட்டுக்குப் போக முடியாது” என்றார். அன்று ஏன் எத்தனை இன்ச் என்று கேட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது என்னோடு ஒரு பையன் வருகிறான். டிப்ளமோ படித்தவன், லேப்டாப்பைச் செருகி எனக்குத் தெரியாத பக்கங்களையெல்லாம் திறக்கிறான். லித்தியம் பேட்டரி வண்டிகள் வந்துவிட்டன. அதில் பேட்டரிக்குள்ளேயே ஒரு மின்னணுச் சுற்று உட்கார்ந்து செல்களைக் காவல் காக்கிறது, சூடு ஏறினாலோ ஏதாவது ஒரு செல் இறங்கினாலோ தானே துண்டித்துக்கொள்கிறது. இன்னொரு மறுப்பு. அவன் அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறான்.

போன வாரம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. ஈரத்தில் சீட் சுவிட்ச் துருப்பிடித்திருந்தது. வெளியே மூன்று லாரி. சூப்பர்வைசர் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தார். பையன் மெதுவாகக் கேட்டான், “சார், இன்னிக்கு மட்டும் டைரக்ட் பண்ணிடட்டா? காலைல மாத்திடலாம்.”

சிவப்பு வயரை அவன் கையில் கொடுத்தேன். போட்டான், வண்டி ஓடியது. சுவிட்ச்தான் என்று உறுதியானது. சீட்டை மூடப் பார்த்தான், மூடவில்லை. வயர் தரையில் சுருண்டு கிடந்தது. என்னைப் பார்த்தான்.

“கழட்டு” என்றேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சூப்பர்வைசர் கத்தினார். கையால் தள்ளும் பேலட் டிரக்கில் லாரியை ஏற்ற ஆட்களைத் தேடிப் போனார். மழை இல்லை. கடை திறக்க எட்டு மணி ஆகும். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 2003-இல் நடந்ததை நான் அவனுக்கு முதல்முறையாகச் சொல்லத் தொடங்கினேன்.